லாரி எஞ்சின் தட்டுதா? சத்தத்த வச்சே பேரிங்கான்னு கண்டுபிடிச்சு சரி பண்ற வழி

எஞ்சின்ல புதுசா ஒரு தட்டுற சத்தம் கேட்டா மொதல்ல வண்டிய ஓரங்கட்டி ஆஃப் பண்ணுங்க, மத்ததெல்லாம் அப்புறம். "இன்னும் கொஞ்ச தூரந்தான, மெதுவா உருட்டிட்டுப் போயிரலாம்"னு நெனைக்கிறவங்கதான் அதிகம், அப்படி உருட்டுற அந்த கொஞ்ச தூரத்துலதான் ஷெல் பேரிங் (கிராங்க சுத்தி ரெண்டு பாதியா உக்கார்ற மெல்லிசு பேரிங்) மாத்துறதோட முடிய வேண்டிய வேலை கிராங்க் (பிஸ்டன் சுத்த வைக்கிற தண்டு), கனெக்டிங் ராடு (பிஸ்டன கிராங்கோட சேக்குற தண்டு)ன்னு போயி கடைசில ராட் முறிஞ்சு பிளாக்க ஓட்ட போட்டுட்டு வெளிய வர்ற அளவுக்குப் போயிருது. கட்டி இழுத்துட்டுப் போங்க, அதுதான் லாபம்.

அடுத்து, தட்டுறது எல்லாமே பேரிங் கிடையாது. ஏர் கம்ப்ரஸர் தட்டுனத எஞ்சின் தட்டுதுன்னு நெனைச்சு சேம்பரக் (எஞ்சின் அடியில இருக்குற ஆயில் தொட்டி) கழட்டுறவங்களும் இருக்காங்க, நெஜமாவே பிக் எண்ட் (கனெக்டிங் ராட் பேரிங்) போனத நாசில் (சிலிண்டருக்குள்ள டீசல் பீச்சுறது) சத்தம்னு சொல்லி ஓட்டுறவங்களும் இருக்காங்க. ரெண்டுமே தப்புதான், ஆனா ரெண்டாவது தப்புதான் எஞ்சினையே தின்னுரும். அதனால கீழ சொல்ற வரிசையிலேயே போங்க, அவசரப்பட்டு ஸ்பேனர எடுக்காதீங்க.

ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஆயிலப் பாருங்க

சத்தம் கேக்குறேன்னு உடனே சாவியத் திருப்பாதீங்க. டிப்ஸ்டிக்க உருவி லெவல் பாருங்க. குறைஞ்சிருந்தா ஒரு காரணம் கெடைச்சிருச்சு. கூடியிருந்தா அது இன்னும் மோசம், உள்ள டீசலோ தண்ணியோ கலக்குதுன்னு அர்த்தம். விரல்ல தொட்டு மோந்து பாருங்க, டீசல் வாடை அடிச்சு வழவழப்பே இல்லாம தண்ணியா ஓடுச்சுன்னா நாசில் ஒழுகுது, இல்ல டீசல் பம்ப் சீல் வழியா ஆயில்ல எறங்குது. ஆயில் வெளுத்து நுரைச்சு இருந்தா கூலன்ட். லைனர் (பிஸ்டன் ஓடுற உருளை) அடி ரப்பர் ரிங், ஹெட் கேஸ்கட், ஆயில் கூலர் இந்த மூணுல ஒன்னு.

டிப்ஸ்டிக் நுனிய ஒரு வெள்ளப் பேப்பர்ல தொடச்சு வெயில்ல சாய்ச்சுப் பாருங்க. பொடிப்பொடியா மினுமினுன்னு தெரிஞ்சா அடுத்த வேலை ஆயில் ஃபில்டர். அத கழட்டி ஃபில்டர் கட்டர் வச்சு வெட்டுங்க, ஆக்ஸா பிளேடு வேணாம், ஏன்னா பிளேடு போட்ட தூளே உள்ள விழுந்து உங்கள ஏமாத்திரும். உள்ள இருக்குற மடிப்பு பேப்பர வெட்டி எடுத்து ஆயில பிழிஞ்சிட்டு விரிச்சு வைங்க, ஒரு காந்தத்த மேல ஓட்டுங்க. ஒட்டுறது இரும்பு, அதாவது கிராங்கோ கியரோ கேமோ தேயுது. ஒட்டாம வெள்ளையா சாம்பலா இருக்குறது பேரிங்கோட மேல் பூச்சு, இல்ல பிஸ்டன் அலுமினியம். செம்புக் கலர்ல செதில் செதிலா இருந்தா ஷெல்லோட உள் அடுக்கே உரியுதுன்னு எடுத்துக்கலாம், ஆனா கட்ஜியன் பின் (பிஸ்டன ராட்டோட சேக்குற பின்) புஷ்ஷும் டர்போ புஷ்ஷும் கூட அதே கலர்தான், அதையும் மனசுல வைங்க.

ஃபில்டர்ல செதில் நெறைய இருந்தா எஞ்சின ஸ்டார்ட்டே பண்ணாதீங்க. சத்தம் கேட்டு உறுதி பண்ண ஒன்னும் இல்ல, நேரா சேம்பர் எறக்குற வேலைக்குப் போயிரலாம்.

ஆயில் பிரஷர்

டேஷ்போர்டு மீட்டரயும் லைட்டையும் நம்பாதீங்க, சென்சார் போயிருந்தா ரெண்டு பக்கமும் பொய் சொல்லும். மெயின் கேலரில (பிளாக்குக்குள்ள ஆயில் ஓடுற முக்கிய வழி) சென்சார கழட்டிட்டு அந்த எடத்துல மெக்கானிக்கல் கேஜ் மாட்டி எஞ்சின் நல்லா சூடானப்புறம் பாருங்க. நெறைய டீசல் எஞ்சின்ல சூடா ஐடில்ல 10 லேர்ந்து 15 பி.எஸ்.ஐ க்கு கொறையாம, ஓட்டத்துல 40 லேர்ந்து 60 பி.எஸ்.ஐ வரைக்கும் இருக்கும், ஆனா உங்க எஞ்சின் மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அதுதான் கணக்கு. எஞ்சின் பச்சையா (சூடேறாம) இருக்கும்போது நல்ல பிரஷர், சூடானதும் விழுந்துருது, ரேஸ் பண்ணா கொஞ்சம் ஏறுதுன்னா பேரிங் இடைவெளி கூடிப்போச்சுங்கிறதுக்கு அது பெரிய சாட்சி. ரேஸ் பண்ணாலும் ஏறவே இல்லன்னா ரிலீஃப் வால்வு திறந்தபடி மாட்டிக்கிச்சு, இல்ல சக்ஷன் ஜல்லடை அடைச்சிருக்கு, இல்ல பம்பே தேஞ்சிருக்கு.

பிரஷர் நல்லா இருக்கு அதனால பேரிங் நல்லா இருக்குன்னு மட்டும் முடிவு பண்ணிறாதீங்க. ஒரே ஒரு பிக் எண்ட் மட்டும் போயிருந்தா கேஜ்ல பெருசா ஒன்னும் தெரியாது.

இப்ப சத்தத்துக்கு வருவோம்

ஒரு நீளமான ஸ்குரூடிரைவரோ மெக்கானிக் ஸ்டெதாஸ்கோப்போ எடுத்துக்கங்க, ஃபேன் பெல்ட்டுக்கு தள்ளி நின்னு கேளுங்க. நெறைய நேரம் ஓட விடாதீங்க.

பச்சையா இருக்கும்போது சத்தம், சூடானா அடங்கிருது. இது பெரும்பாலும் பிஸ்டன் லைனர்ல அடிக்குற சத்தம், பிஸ்டன் சூடாகி விரிஞ்சா இடைவெளி குறைஞ்சு அமைதியாயிரும். பேரிங் இதுக்கு நேர் எதிர். ஆயில் கெட்டியா இருக்கும்போது அமுங்கி இருக்கும், சூடாகி ஆயில் எளக எளக சத்தம் கூடிட்டே போகும். காலைல ஸ்டார்ட் பண்ணதும் ரெண்டு மூணு செகண்டு கடகடன்னு அடிச்சிட்டு அடங்குறது வேற விஷயம், ராத்திரில ஃபில்டர்ல இருந்த ஆயில் கீழ எறங்கிருது, மொதல்ல நல்ல ஃபில்டர் போட்டுப் பாருங்க, அதுலயும் நிக்கலன்னா பேரிங்க சந்தேகப்படலாம்.

ரேஸ் பண்ணி ஆக்சிலேட்டர விடும்போது டக்டக்டக்னு கணீர்னு வருது. இதுதான் பிக் எண்ட், அதாவது கனெக்டிங் ராட் பேரிங். 1500 ஆர்பிஎம் வரைக்கும் மெதுவா ஏத்தி கால சட்டுனு எடுங்க, ராட் மேல இருக்குற தள்ளு இழுப்பா மாறுற அந்த நொடில சத்தம் தெளிவா கேக்கும். பிளாக்கோட நடு, சேம்பர் ஓரம் இங்கதான் பலமா இருக்கும்.

கனமா, மந்தமா, ரொம்ப அடியிலேர்ந்து தும் தும்னு வருது, மேடு ஏறும்போது பாரத்தோட கூடுது, ஸ்டியரிங்ல கூட அதிர்வு தெரியுது. இது மெயின் பேரிங், அதாவது கிராங்க பிளாக்ல தாங்குற பேரிங். இதோட ஆயில் பிரஷரும் விழுந்திருக்கும். மெயின் போயிருந்தா இதுக்குமேல யோசிக்க எதுவும் இல்ல, எஞ்சின ஓட்டாதீங்க.

கிளட்ச் மிதிச்சா சத்தம் மாறுதுன்னா கிராங்க் முன்னபின்ன ஆடுதான்னு பாருங்க, த்ரஸ்ட் வாஷர் தேஞ்சிருக்கலாம். கிளட்ச் மிதிச்சதும் சத்தம் சுத்தமா நின்னுச்சுன்னா கியர்பாக்ஸ் பக்கம் போங்க, கிளட்ச் பிளேட் ஸ்பிரிங், இன்புட் ஷாஃப்ட் பேரிங் இதெல்லாம் பாருங்க. ஃப்ளைவீல் போல்ட் லூசா இருந்தாலும் அச்சு அசலா மெயின் பேரிங் மாதிரியேதான் தட்டும், அந்த போல்ட்டயும் முன்னாடி கிராங்க் புல்லி டேம்பரயும் கைவச்சுப் பாக்காம எஞ்சின எறக்கிராதீங்க.

ஐடில்ல ரெட்டை ரெட்டையா டிக்டிக் டிக்டிக்னு வந்தா கட்ஜியன் பின். மேல வால்வ் கவர் பக்கம் லேசா, எஞ்சின் வேகத்துல பாதி வேகத்துல வந்தா டாப்பட் இடைவெளி.

அப்புறம் ஏர் கம்ப்ரஸர். லாரிக்காரங்கள ஏமாத்துற கண்ணி இது. கம்ப்ரஸருக்கும் சொந்தமா கிராங்க் இருக்கு, ராட் இருக்கு, அதோட பிக் எண்ட் தேஞ்சா அப்படியே எஞ்சின் தட்டுற சத்தந்தான் வரும், கியர்ல ஓடுறதால பிளாக் முழுக்க பரவி எங்கிருந்து வருதுன்னே தெரியாது. ஏர் டேங்க் ரொம்பி கவர்னர் கட் ஆகுற நேரத்துல சத்தம் மாறுதான்னு கேளுங்க. டேங்க்ல காத்த எறக்கி விட்டுட்டு திரும்ப ஏறும்போதும் கேளுங்க. மாறுச்சுன்னா எஞ்சின தொடவே வேணாம்.

எந்த சிலிண்டர்?

பழைய பம்ப் வச்ச எஞ்சின்னா ஐடில்ல ஒவ்வொரு நாசில் பைப் நட்டா அரை சுத்து லூஸ் பண்ணி அந்த சிலிண்டர கட் பண்ணிக் கேளுங்க. கைய தூரமா வச்சு, துணி போட்டு, ஒழுகுற டீசல ஒரு டப்பால புடிச்சு, பக்கத்துல நெருப்பு எதுவும் இல்லாம. ஒரு சிலிண்டர கட் பண்ணதும் சத்தம் நல்லா கொறைஞ்சா அந்த ராட் பேரிங்தான். சத்தம் சுத்தமா நின்னு, அதோட அந்த சிலிண்டர் பொகையும் காட்டிட்டு இருந்துச்சுன்னா மொதல்ல அந்த நாசில எடுத்து டெஸ்ட் பண்ணுங்க, செலவு கம்மியான எடத்துலேர்ந்து ஆரம்பிக்கிறதுதான் நல்லது. ஒன்ன கட் பண்ணா மாறல, பக்கத்து பக்கத்து ரெண்டையும் சேத்து கட் பண்ணா கொறையுதுன்னா அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குற மெயின்.

காமன் ரெயில் எஞ்சின்ல (எல்லா நாசிலுக்கும் ஒரே குழாய்லேர்ந்து ரொம்ப அதிக பிரஷர்ல டீசல் போற ரகம்) இத செய்யவே கூடாது, தயவுசெஞ்சு இத மறந்துராதீங்க. அந்த பைப்ல 1600 பார், அதுக்கு மேலயும் பிரஷர் இருக்கும், ஊசி மாதிரி தோலக் கிழிச்சு டீசல் ஒடம்புக்குள்ள போயிரும், கையவே வெட்டி எடுக்க வேண்டி வர்ற அளவு காயம் அது. அந்த எஞ்சினுக்கு ஸ்கேனர மாட்டி சிலிண்டர் கட் அவுட் டெஸ்ட் போடுங்க, அதே பதில் கெடைக்கும்.

சேம்பர எறக்கியாச்சு, இனி ஷெல் பேசும்

சக்கரத்துக்கு கட்டை போட்டு, பேட்டரி நெகட்டிவ் கழட்டி, ஆயில வடிங்க. கடைசியா வர்ற ஆயில சுத்தமான தட்டுல தனியா புடிங்க, அடியில தங்குன தூள் அதுலதான் வரும். சேம்பர எறக்குனதும் சக்ஷன் ஜல்லடைய பாருங்க, கேஸ்கட் பேஸ்ட் துண்டு அடைச்சிருக்குறது ரொம்ப சாதாரணம், சேம்பர் ஒட்டும்போது பேஸ்ட்ட அள்ளிப் பூசுற பழக்கத்தோட பலன் அது.

கூலன்ட் கலந்த எஞ்சின்னா இன்னும் எதையும் கழட்டாம ரேடியேட்டர்ல பிரஷர் டெஸ்டர் மாட்டி ராத்திரி முழுக்க விடுங்க, காலைல அடியில படுத்து லைனர் அடிப்பக்கம் எங்க சொட்டுதுன்னு லைட் அடிச்சுப் பாருங்க. இத விட்டுட்டு ஷெல் மட்டும் மாத்துனா கூலன்ட்ல இருக்குற கிளைக்கால்ங்கிற ரசாயனம் புது ஷெல்லயும் அரிச்சிரும்.

ஷெல்ல அடியிலேர்ந்து பிடிச்சிருக்குற கேப்ப ஒன்னு ஒன்னா கழட்டுங்க, எல்லாத்தையும் ஒரேடியா கழட்டிக் குவிக்காதீங்க. நம்பரும் எந்தப் பக்கம்னும் பாத்து வைங்க, மாத்தவோ திருப்பவோ கூடாது. புது எஞ்சின்கள்ல ராட் கேப்ப உடைச்சுப் பிரிச்சிருப்பாங்க, அந்த ஒடைஞ்ச முகம் அதோட ஜோடிக்கு மட்டுந்தான் உக்காரும், அத தரையில கவுத்து வச்சாலே பாழ்.

இப்ப ஷெல்ல கையில எடுத்து வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாருங்க. நல்ல ஷெல் மங்கலான சாம்பல் கலர்ல ஒரே சீரா இருக்கும். மேல் பூச்சு மெல்லிசு, அது போன எடத்துல அடியில இருக்குற செம்பு கலர் எட்டிப்பாக்கும். எங்க, எப்படி தேஞ்சிருக்குங்கிறதுலதான் காரணம் இருக்கு, அதனால தொடச்சு தூக்கிப் போட்டுறாம வரிசையா நம்பர் போட்டு அடுக்கி வைங்க. என்னக் கேட்டா மொத்த வேலையிலயும் முக்கியமான அரை மணி நேரம் இதுதான்.

ராட்ல மேல் ஷெல்லு, மெயின்ல கீழ் ஷெல்லு, இது ரெண்டும்தான் வெடிப்போட அடிய தாங்குது. இது ரெண்டும் மட்டும் நல்லா தேஞ்சு எதிர் ஷெல்லுங்க நல்லா இருந்தா ஓவர் லோடு, டைமிங் முன்னாடி போயிருக்கு, டீசல் அதிகமா திறந்து விட்டிருக்கு, இல்லன்னா டாப் கியர்லயே கம்மி ஆர்பிஎம்ல மொனகவிட்டு இழுக்குற பழக்கம். எல்லா ஷெல்லும் ஒரே மாதிரி வழிச்ச மாதிரி தேஞ்சிருந்தா ஆயில் பிரச்சனை, டீசல் கலந்துச்சு இல்ல பிரஷரே இல்ல. பம்புக்கு தூரமா இருக்குறது மட்டும் மோசமா இருந்தா ஆயில் அங்க போய்ச் சேரல. ஒரே ஒன்னு மட்டும் போயிருந்தா அந்த ஆயில் ஓட்டை அடைப்பு, அந்த ராட் வளைவு, அந்த நாசில் இதப் பாருங்க. ராட் வளைஞ்சிருந்தா மேல் ஷெல்லுல ஒரு ஓரமும் கீழ் ஷெல்லுல எதிர் ஓரமும் தேஞ்சிருக்கும். நடு மெயின்கள் மட்டும் அதிகமா தேஞ்சிருந்தா கிராங்க் வளைவு, இல்ல பிளாக் லைன் போயிருக்கு. சுத்திச்சுத்தி கோடு கோடா கீறலும் அதுல கறுப்பு மண்ணு பதிஞ்சும் இருந்தா தூசி, ஏர் ஃபில்டர் ஹோஸ்லேர்ந்து எல்லா ஜாயின்ட்டயும் பாருங்க, சமீபத்துல எஞ்சின் பிரிச்சிருந்தா பிளாக்க சரியா கழுவலன்னும் அர்த்தம். பொடி பொடியா குழி விழுந்திருந்தா ஆயில் புளிச்சு அரிச்சிருக்கு.

ஷெல்லோட முதுகையும் பாருங்க. அங்க பளபளன்னு தேஞ்சிருந்தா ஷெல் இறுக்கமா உக்காரல. நாக்கு (ஷெல் ஓரத்துல நீட்டிட்டு இருக்குற சின்ன பிடிப்பு) முறிஞ்சு ஷெல்லே சுத்தியிருந்தா அந்த ராட்ட அப்படியே திரும்ப மாட்டக்கூடாது, ஷெல் இல்லாம கேப்ப டார்க் போட்டு (மேனுவல்ல சொன்ன அளவுக்கு முறுக்கி) உள் விட்டத்த போர் கேஜ்ல அளந்து, ஓவல் ஆகியிருந்தா ரீசைஸ் பண்ணனும், இல்ல வேற ராட்.

முதுகுல அடிச்சிருக்குற நம்பரயும் குறிச்சு வைங்க. ஸ்டாண்டர்டா, 0.25 மில்லிமீட்டர் அண்டர்சைஸா (கிரைண்டிங் பண்ணி மெலிஞ்ச கிராங்க்குக்கு ஏத்தது), 0.50 ஆ. முன்னாடி ஒரு தடவ கிரைண்டிங் பண்ண கிராங்க்குக்கு ஸ்டாண்டர்டு வாங்கி வந்து நிக்கிறது நெறைய எடத்துல நடக்குது.

கிராங்க் தப்பிச்சுதா?

ஜர்னல (கிராங்க்ல பேரிங் உக்கார்ற உருண்ட பாகம்) சுத்தமா தொடச்சு வெரல் நகத்த குறுக்க ஓட்டுங்க. நகம் மாட்டுச்சுன்னா கிரைண்டிங்தான். நீலம் ஏறியிருந்தா சூடு தின்னிருக்கு, விரிசல் டெஸ்ட் பண்ணாம அத நம்பக்கூடாது. நகம் மாட்டலன்னா மைக்ரோமீட்டர் எடுங்க, ஒவ்வொரு ஜர்னல்லயும் ரெண்டு ஓரத்துலயும், ஒவ்வொரு ஓரத்துலயும் 90 டிகிரி திருப்பியும், நாலு அளவு. ரெண்டு ஓரத்துக்கும் வித்தியாசம் டேப்பர், திருப்பினா வர்ற வித்தியாசம் ஓவல். பொதுவா 0.05 மில்லிமீட்டர தாண்டிச்சுன்னா கிரைண்டிங்தான், சில எஞ்சினுக்கு 0.025 லயே நிறுத்திருவாங்க, மேனுவல பாருங்க.

ஆயில் இடைவெளிக்கு தோராயக் கணக்கு, ஜர்னல் விட்டத்துல ஆயிரத்துல ஒரு பங்கு. 80 மில்லிமீட்டர் ஜர்னலுக்கு 0.08, ஏறக்குறைய ஒரு தலைமுடி தடிமன். இத பிளாஸ்டிகேஜ் (நசுங்குற மெல்லிசு பிளாஸ்டிக் இழை) வச்சு பாக்கலாம், இழைய வச்சு, கேப்ப முழு டார்க் போட்டு, கிராங்க சுத்தாம திரும்ப கழட்டி நசுங்குன அகலத்த அளவுத்தாள்ல வச்சுப் பாருங்க. அடியிலேர்ந்து படுத்துட்டு மெயின்ல பாக்கும்போது ஒரு விஷயம், கிராங்க் தன் வெயிட்ல கீழ தொங்கிட்டு இருக்கும், அத ஜாக் வச்சு மேல தூக்காம எடுத்த அளவு தப்பா கம்மியாதான் காட்டும்.

கிரைண்டிங் குடுக்கும்போது ரெண்டு விஷயத்த வாய் விட்டு சொல்லுங்க. ஜர்னல் ஓரத்துல இருக்குற வளைவு, அந்த ஃபில்லட், அளவு மாறாம அப்படியே இருக்கணும், அத கூர் மூலையா விட்டா கிராங்க் ஓடி முடிக்குறதுக்கு முன்னாடி அங்கதான் ஒடையும். அப்புறம் நைட்ரைடிங் (மேல் தோல கெட்டியாக்குற முறை) பண்ண கிராங்க்குன்னா கெட்டியான தோல் ரொம்ப மெல்லிசு, கிரைண்டிங்ல போயிரும், திரும்ப நைட்ரைடிங் பண்ணனும். எமரி பேப்பர கையில சுத்தி தேய்க்குறது, ஷெல்லுக்கு அடியில தகடு வைக்குறது, கேப்ப அரம் போட்டு ராவுறது, இதெல்லாம் நாலு நாள் சத்தத்த அமுக்கும், அதுக்கப்புறம் முழுசா வாங்கிரும். சத்தம் கேக்காம இருக்க கெட்டி ஆயிலும் மருந்தும் ஊத்துறதும் இதே ரகம்.

கிராங்க் நல்லா இருந்து ஷெல் மட்டும் மாத்துறதுன்னா எஞ்சின எறக்காமலே பண்ணலாம். மெயின் மேல் ஷெல்லுக்கு, கிராங்க் ஆயில் ஓட்டையில ஒரு சின்ன பின்ன வச்சு, நாக்கு இருக்குற பக்கம் மொதல்ல வெளிய வர்ற மாதிரி கிராங்க கையால சுத்துனா ஷெல் வழுக்கிட்டு வந்துரும். புதுசும் அதே வழில உள்ள போகும்.

மாட்டும்போது

ஷெல் முதுகும் அது உக்கார்ற எடமும் காய்ஞ்சு சுத்தமா இருக்கணும், ஆயில் உள் முகத்துக்கு மட்டும். உக்கார வச்சா விளிம்பு ஒரு துளி தூக்கிட்டு நிக்கும், அது வேணும்னே வச்சது, டார்க் போட்டா அதுதான் ஷெல்ல இறுக்கிப் பிடிக்கும், அத ராவிராதீங்க. மேல் ஷெல் ஆயில் ஓட்டை பிளாக் ஓட்டைக்கு நேரா இருக்கான்னு கண்ணால பாருங்க. போல்ட் மரைய சுத்தம் பண்ணி, மேனுவல்ல சொன்ன படிப்படியா டார்க், கோணம் போட்டு முறுக்குற போல்ட்டுன்னா புது போல்ட். ஒவ்வொரு கேப்ப இறுக்குனதும் கிராங்க கையால சுத்திப் பாருங்க, திடீர்னு இறுகுச்சுன்னா கடைசியா போட்டதுலதான் தப்பு, அப்பவே கழட்டிப் பாக்கலாம்.

செதில் கண்ட எஞ்சின்ல ஆயில் கூலர மாத்துங்க, என்னதான் கழுவினாலும் அது மடிப்புக்குள்ள தூள் ஒளிஞ்சு நிக்கும், புது ஷெல்லுக்கு மொத எதிரி அதுதான். கேலரி பிளக் எல்லாம் கழட்டி பிரஷ் விட்டு கழுவுங்க, பிஸ்டன் கூலிங் ஜெட், டர்போ ஷாஃப்ட் ஆட்டம் ரெண்டையும் பாருங்க.

மொத ஸ்டார்ட்

டீசல கட் பண்ணிட்டு ஸ்டார்ட்டர விட்டு விட்டு சுத்துங்க, கேஜ்ல பிரஷர் ஏறுற வரைக்கும். டர்போ ஆயில் வாயிலயும் கொஞ்சம் ஊத்திருங்க. அப்புறம் ஸ்டார்ட் பண்ணி ஐடில்ல விடுங்க, ரேஸ் பண்ணாதீங்க, 10 லேர்ந்து 15 செகண்டுல பிரஷர் வரலன்னா ஆஃப். சூடானதும் ஐடில் பிரஷர எழுதி வைங்க, பின்னாடி ஒப்பிட அது வேணும். சில நூறு கிலோமீட்டர் லேசான பாரத்துல, ஆர்பிஎம்ம மாத்தி மாத்தி ஓட்டிட்டு ஆயிலயும் ஃபில்டரயும் மாத்துங்க, அந்த ஃபில்டரயும் வெட்டி விரிச்சுப் பாருங்க. லேசா சாம்பல் பொடி இருந்தா புது ஷெல் படியுறது, பரவால்ல. செம்பு கலர் செதில் ஒன்னு கண்ணுல பட்டாலும் வண்டிய பாரத்துக்கு அனுப்பாம சேம்பர திரும்ப எறக்குங்க.